போகாத ஊருக்கு வழி

மூன்று வாரமாக நான் படித்துக்கொண்டிருப்பது நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல, ஒரு எக்செல் ஷீட். டொராண்டோவில் படிக்கும் மகள் அனுப்பியது. பெருவில் சோக்கேகிராவ் என்றொரு இன்கா நகரம் இருக்கிறது. மாச்சு பிச்சுவுக்காவது ரயில் உண்டு. இதற்கு ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. கூஸ்கோவில் 3,400 மீட்டர் உயரத்தில் இரண்டு மூன்று நாள் மூச்சைப் பழக்கிக்கொண்டு, காச்சோரா என்ற ஊர் வரை வண்டியில் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். அபூரிமாக் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 1,500 மீட்டருக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் மறுபடி 3,000 மீட்டருக்கு ஏறினால் நகரம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்.

ஷீட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பத்தி. 'அப்பா' என்ற பத்தியில் முட்டிக்குப் போடும் பட்டை, பிரஷர் மாத்திரை, விசா, லீவு என்று கட்டங்கள். கடைசி இரண்டிலும் கேள்விக்குறிகள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, கடைசிப் பத்தியின் தலைப்பை மட்டும் தமிழில் அடித்திருந்தாள்: செலவு.

தமிழ்ப் பயண எழுத்தைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். அதற்காகச் சில நூல்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த ஷீட்டும் வந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் எனக்கு ஒரு குறை புலப்பட்டது. நம் பயணக் கட்டுரைகள் விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் அந்த மனிதர் யாரிடம் லீவு கேட்டார், எந்த வரிசையில் நின்றார், பணம் எங்கிருந்து வந்தது, வீட்டில் யார் முகம் சுளித்தார்கள் என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவதில்லை. எழுத்தாளர் எங்கும் நிற்காமல் நேரே அதிசயத்தின் முன்னால் போய் இறங்குகிறார். பிறகு பிரமிக்கிறார். பிரமித்தவர் அடுத்த பத்தியில் தமிழ்நாட்டில் ஏன் இப்படி இல்லை என்று வருந்துகிறார். இந்த மூன்று நிலைகளுக்குள் அடங்காத பயணக் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' தப்பித்தது. ஆறே அவர்களுக்குத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டது. இன்னொருவர் ஏ.கே. செட்டியார். 1940இல் வந்த 'உலகம் சுற்றும் தமிழ'னை எல்லாரும் சொல்வார்கள். நான் மேலாக நினைப்பது ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'அண்ணல் அடிச்சுவட்டில்'. காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாகப் படச்சுருள் தேடி அலைந்த கதை. யாரிடம் சுருள் இருக்கிறது, யாரைப் பார்த்தால் யார் கதவு திறக்கும், யார் தர மாட்டார்கள் என்பதுதான் அதில் விஷயமே. ஊர்கள் வந்து போகின்றன, வர்ணனை குறைவு. ஒரு காரியத்தைச் செய்து முடிக்க ஒரு மனிதன் எத்தனை பேரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் புலம்பாமல் சொல்கிறார். வளைகுடாவில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தக் குரல் சட்டென்று பிடித்துப்போகும்.

இன்கா என்று வந்தால் நம் நிலைமை இன்னும் மோசம். மாச்சு பிச்சுவை நம்மில் பெரும்பாலோர் முதலில் பார்த்தது 2010இல், 'எந்திரன்' படப் பாட்டில். பாட்டின் பெயரில் இருப்பது ஆப்பிரிக்க மலை. ஆடுவது பெருவின் மலையில். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. நானும் ஜுபைல் கேம்ப் அறையில் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து ரசித்தவன்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதில் பாதி, இன்காக்கள் தமிழர்களே என்று நிறுவும் கட்டுரைகள். இரண்டு சொற்களின் ஒலி ஒத்துப்போனால் போதும், கப்பல் புறப்பட்டுவிடும். மாச்சு பிச்சு பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. நானூறு ஆண்டு இளைய ஊரைப் பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை என்று எழுதிவிட்டு, அதையும் நம் பெயரில் பட்டா போடப் பார்க்கிறோம். கெச்சுவா மொழி பேசும் மக்கள் இன்றும் அந்த மலைகளில் உழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்தவன் பாட்டன் கட்டியதை அடுத்தவன் பாட்டன் கட்டியதாகவே விட்டு ரசிப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இத்தனைக்கும் கடல் கடந்த தமிழனுக்கு உண்மையான சான்று வேண்டுமானால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓமானில் கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் ணந்தை கீரன் என்று ஓர் ஆளின் பெயர். அவ்வளவுதான். பேரரசு இல்லை, கோபுரம் இல்லை. மெஸ்ஸில் டம்ளர் மாறிப்போகாமலிருக்கப் பெயர் எழுதிவைக்கிற ஆளைத்தான் எனக்கு நினைவு வருகிறது.

மகளுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோக்கேகிராவுக்கு ஹைரம் பிங்காம் 1909இல் போனார், 1911இல் மாச்சு பிச்சுவுக்குப் போனார் என்று அவள் சொன்னாள். அதே 1911இல்தான் குவைத்தில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த கேப்டன் ஷேக்ஸ்பியர் ஒட்டகத்தில் தாஜ் என்ற இடத்துக்கு வந்து கல்வெட்டுகளைப் பார்த்து எழுதினார் என்று நான் சொன்னேன். (ஏ.கே. செட்டியார் பிறந்ததும் 1911தான். இதற்கு ஒரு பொருளும் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.)

"தாஜ் எங்கப்பா இருக்கு?"

"நம்ம ஜுபைலுக்கு மேற்கால. ஒரு தொண்ணூறு கிலோமீட்டர்."

"நான் பதினாலு வருஷம் அங்க இருந்தேன். ஒரு தடவை கூட நீங்க கூட்டிட்டுப் போகலையே. இருபத்தாறு வருஷத்துல அங்க என்னதான்பா பாத்தீங்க?"

குறையாகக் கேட்கவில்லை, தகவலாகத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் பார்த்தது பைப்லைன், ஃபிளேர் ஸ்டாக், ஷட்டவுன் அட்டவணை, வெள்ளிக்கிழமை மதியத் தூக்கம்.

போன குளிர்காலத்தில் ஒருமுறை இரண்டு சகாக்களோடு தாஜுக்குப் போனேன், இருபத்தாறு ஆண்டில் அந்த ஒரே முறை. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. உப்புப் படிந்த சப்கா நிலத்தின் ஓரத்தில் ஒரு சிறிய ஊர். அதை ஒட்டி மணலும் கல்லுமாக மேடுகள். இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் சுற்றளவுள்ள மதில் அங்கே இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணுக்குத் தெரியும். சங்க காலம் என்று நாம் சொல்லும் அதே நூற்றாண்டுகளில் சாம்பிராணி ஏற்றிய ஒட்டகங்கள் வந்து தங்கிய நகரம். கிரேக்கர்கள் கெர்ரா என்று எழுதிய செல்வ நகரம் இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களில் ஒரு சாராரின் கருத்து. வேறு இடங்களைச் சொல்கிறவர்களும் உண்டு. கெர்ராவின் வீடுகள் உப்பால் கட்டப்பட்டவை என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். மூன்றாம் ஆண்டியோகஸ் கி.மு. 205இல் படையோடு வந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் 500 தாலந்து வெள்ளியைக் கொடுத்துத் தங்கள் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டார்கள். இங்கே கிடைத்த கல்லறைக் கற்களில் தென்னரேபிய எழுத்தில் இன்னார், இன்னாருடைய மகன், இன்ன குலம் என்று இருக்கிறது. இகாமா அட்டையைவிடக் கொஞ்சம் கூடுதலான விவரம்.

1998இல் மதிலுக்கு வெளியே ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே ஏறக்குறைய ஆறு வயதுச் சிறுமி. முகத்தில் பொன் முகமூடி, கைக்குப் பொன் உறை, கழுத்தில் ஆரங்கள். முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவள். 2010இல் அந்த முகமூடி பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் வரை போய் வந்தது. அது கிடைத்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த எனக்கு அது தெரியாது. அந்த ஆண்டு என் மகளுக்கும் ஆறு வயது.

தெரியாமல் போனதற்கு நான் மட்டும் காரணமல்ல, நாம் படித்த எழுத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பது என் கட்சி. வளைகுடா இலக்கியம் என்றால் 2008க்குப் பிறகு எல்லாரும் பென்யாமினின் 'ஆடுஜீவித'த்தை எடுத்து வைக்கிறார்கள். அது பெரிய நாவல், சந்தேகமில்லை. நஜீபின் மணலில் எனக்கும் தொண்டை வறண்டது. ஆனால் அதன் நிழலில் எழுதப்பட்டவற்றில் பாலைவனம் ஒரு சிறைச் சுவர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அங்கே வெயில் இருக்கும், ஆடு இருக்கும், தூரம் இருக்கும். முன்பு வாழ்ந்தவர்கள் என்று யாரும் இருக்க மாட்டார்கள். நஜீபுக்கு அது நியாயம், அவன் கண்ணுக்கு வேறெதுவும் தெரிந்திருக்க முடியாது. ஏசி அறையிலிருந்து எழுதுகிறவருக்கும் அதே கண்தான் என்றால் அது அனுபவமல்ல, பழக்கம். இன்னொருவர் பட்ட துன்பத்தை இரவல் வாங்கிக்கொண்டு, நாம் சுற்றிப் பார்க்காமல் இருந்ததற்குச் சாக்காக்கிக்கொள்கிறோம்.

நம்மிடம் வேறொரு பாலை இருந்தது. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200ம் பாலைத் திணைதான். பொருள் தேடிப் பிரிகிறவனைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் நாம் என்று வளைகுடாத் தமிழ் மன்ற மேடைகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பாலைப் பாடல்கள் பலவற்றில் தலைவன் இன்னும் புறப்படவே இல்லை. நெஞ்சோடு பேசுகிறான்: போனால் என்ன, போகாவிட்டால் என்ன, அவள் கண் என்ன சொல்கிறது, அந்த வழியில் தண்ணீர் உண்டா, கள்வர் உண்டா. போகாத ஊருக்கு வழி கேட்பது என்பார்களே, அதுதான். இதற்குச் செலவழுங்கல் என்று பெயரே வைத்திருந்தார்கள். புறப்பாட்டைத் தள்ளிப்போடுவது போகாமல் இருப்பதற்காக அல்ல, அவளைத் தேற்றுவதற்காக என்று தொல்காப்பியம் விளக்கமும் சொல்கிறது. அன்றைய தமிழில் செலவு என்றால் பயணம். இன்று அது பணம் கரைவது. எந்த நூற்றாண்டில் எப்படி அந்தச் சொல் சட்டைப்பைக்குள் போனதென்று மொழியறிஞர்கள் சொல்லட்டும். என் மகளின் கடைசிப் பத்தியில் இரண்டு பொருளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, பயணத்துக்கு முந்திய நேரத்தைப் பற்றி உலகத்தில் யாருக்கும் குறையாத இலக்கியம் நம்மிடம் உண்டு. உரைநடைக்கு வந்தபோது அதை வாசலில் கழற்றிவிட்டு வந்துவிட்டோம். காமிராவை எடுத்துக்கொண்டோம், நெஞ்சோடு பேசுவதை விட்டுவிட்டோம். புலம்பெயர்ந்தவனின் பயணத்தில் முக்கால் பங்கு அந்த முந்திய நேரம்தான். 2021 மார்ச்சுக்கு முன்னால் நாட்டைவிட்டுப் போய் வர எக்ஸிட் ரீ-என்ட்ரி வேண்டுமென்றால் முதலாளி சம்மதிக்க வேண்டும். 2017 ஜூலையில் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் வந்தது. ஆண்டுக்கு 100 கூடி 2020இல் 400 ஆயிற்று. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. 2018இல் நானும் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பினேன். அன்றைக்கும் ஒரு கணக்குத் தாள் போட்டேன். அதுவும் ஒரு பயணத் திட்டம்தான். அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. மற்றவர்கள் எழுதவில்லை என்று குறை சொல்ல எனக்கிருக்கும் தகுதியை வாசகர்கள் இதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

ஷீட்டுக்கு வருகிறேன். விமர்சகன் என்ற முறையில் அதில் இரண்டு குறை. என் முட்டியைப் பற்றி எழுதியவள் தன் படிப்புக் கடனைப் பற்றி எழுதவில்லை. ஐந்தாம் நாள் வரியில் 'பார்த்தல்' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. நான்கு நாள் நடையின் நடுவில் உள்ள ஒரே நாள் அது. கேட்டதற்கு, "அங்க போய்த்தானப்பா தெரியும், இப்பவே எப்படி எழுத?" என்றாள். இரண்டாவது குறையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

எனக்கு அடுத்த ஆண்டு நடுவில் ஃபைனல் எக்ஸிட். அதற்குப் பிறகு பெருவுக்குப் போகலாமா, இந்த முட்டி அபூரிமாக்கில் இறங்கி ஏறுமா என்பது முடிவாகவில்லை. நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம். போன வாரம் திறந்தபோது ஷீட்டில் புதிதாக இன்னொரு பக்கம் சேர்ந்திருந்தது. தலைப்பு தாஜ். இரண்டே வரி, இரண்டே ஆள். விசா கட்டத்தில் எனக்கு எதிரே 'வேண்டாம்' என்று இருந்தது. அவளுக்கு எதிரே 'டூரிஸ்ட்'. ஜுபைலில் பிறந்தவளுக்கு ஜுபைலுக்கு வர இப்போது அதுதான் வழி. லீவு கட்டத்தை நான் நிரப்பினேன்: வெள்ளி, காலை ஐந்தரை. தண்ணீர் எத்தனை பாட்டில் என்று கேட்டிருந்தாள். பன்னிரண்டு என்று போட்டேன்.