எச்டிவி பாணி, ஏவிசிஎச்டி பாணி

காம்கார்டர் பெட்டியின்மேல் 'ஃபுல் எச்டி' என்று அச்சிட்டிருந்தால் போதும். உள்ளே எப்படிப் பதிவாகிறது என்று வாங்குபவர்கள் அதிகம் கேட்பதில்லை. 1920 x 1080 புள்ளிகள் கொண்ட படத்தை வினாடிக்கு 25 முறை சுருக்காமல் எழுதினால், நிறத் தகவலைக் குறைத்த பிறகும் வினாடிக்கு 600 மெகாபிட்டைத் தாண்டும். வீட்டுக் காமிராவால் எழுத முடிந்தது அதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. மிச்சத்தை எப்படிக் கழிப்பது என்பதில்தான் பாணிகள் பிரிந்தன.

மூத்தது எச்டிவி. 2003-இல் ஜேவிசி, சோனி, கேனான், ஷார்ப் ஆகிய நான்கு நிறுவனங்களும் கூடி வகுத்தது. அவர்கள் புது நாடா எதையும் தேடவில்லை. கடையில் கிடைத்த மினிடிவி கேசட்டையே எடுத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான். அந்த நாடா ஓடும் வேகத்தில் படத்துக்கென்று கிடைப்பது வினாடிக்கு 25 மெகாபிட். ஒரு மணி நேரக் கேசட்டில் எச்டியும் ஒரு மணி நேரம் ஓட வேண்டுமானால் அதற்குள் அடங்கியாக வேண்டும். அதனால் 1080 வரிப் படத்தின் அகலத்தை 1440 புள்ளியாகக் குறைத்து, காட்டும்போது இழுத்து விரித்தார்கள். எம்பெக்-2 முறையில், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்குப் பன்னிரண்டு ஃபிரேமில் ஒன்றை மட்டும் முழுதாக எழுதி, மற்றவற்றில் மாறியதை மட்டும் குறித்தார்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பழைய மினிடிவியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி. நாடாவில் தூசு பட்டால் நாலைந்து கட்டம் கலங்கும், அவ்வளவுதான். எச்டிவியில் அந்தத் தூசு முழு ஃபிரேமின் இடத்தில் விழுந்தால், அதை நம்பியிருந்த அரை வினாடிப் படமும் போய்விடும். தாலியின் முதல் முடிச்சுக்கு அரை வினாடி போதும்! கல்யாண வீடியோக்காரர்கள் நல்ல கேசட்டாகத் தேடி வாங்கியது வீண் ஜம்பம் இல்லை.

எல்லா வரிகளையும் ஒரே தவணையில் எழுதும் 720 வரி புரோகிரெசிவ் கிளையை ஜேவிசி பிடித்துக்கொண்டது. சோனியும் கேனானும், வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தவணையில் எழுதும் 1080 இன்டர்லேஸ் பக்கம் போயின. 2004-இல் சோனியின் எச்டிஆர்-எஃப்எக்ஸ்1 வந்தபின் சந்தையும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

2006-இல் சோனியும் பானாசோனிக்கும் கொண்டுவந்த ஏவிசிஎச்டி நாடாவையே கைவிட்டது. 8 செ.மீ. டிவிடி, ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எதுவானாலும் சரி. சுருக்குவது எச்.264. எம்பெக்-2 25 மெகாபிட்டில் தருவதை இது அதைவிடக் குறைவிலேயே தர வல்லது. ஆகவே ஏவிசிஎச்டி காமிராவின் 17 மெகாபிட்டை எச்டிவியின் 25-உடன் வைத்து 'எது பெரியது' என்று பார்ப்பது வெறும் எண் விளையாட்டு. ஆனால் 'வல்லது' வேறு, 'தந்தது' வேறு. ஆரம்பக் காமிராக்களின் சிப்புக்கு அந்தத் தேர்ச்சி இல்லை. வேகமாகப் பான் செய்தால் மரத்து இலைகள் ஒன்றோடொன்று குழம்பின. 24 மெகாபிட் காமிராக்கள் வந்த பிறகே எச்டிவிக்கு இது சமம் என்று நான் சொல்வேன்.

சுமையும் இடம் மாறியது. எச்டிவி தன் சுமையை நாடாவின்மேல் வைத்தது. ஏவிசிஎச்டி கம்ப்யூட்டரின்மேல் வைத்தது. அன்றைய மெஷின்களில் எச்.264 திக்கித் திக்கி ஓடியது. எடிட்டர்கள் பலர் அதை வேறு கோடெக்குக்கு மாற்றி, பல மடங்கு பெருத்த ஃபைல்களை வைத்து மாரடித்தார்கள். கார்டிலுள்ள நீண்ட பதிவு பல துண்டுகளாக உடைந்திருக்கும் என்பது தெரியாமல் எம்டிஎஸ் ஃபைலை மட்டும் இழுத்துவைத்தவர்களுக்கு இணைப்பில் சத்தம் வெட்டியது. ஃபோல்டரை முழுசாக நகலெடுக்க வேண்டும்.

2011-இல் ஏவிசிஎச்டி 2.0 வந்து, 28 மெகாபிட்டில் வினாடிக்கு 50 முழு ஃபிரேம் தந்தது. இன்டர்லேஸின் சீப்புப் பல் போன்ற ஓரங்கள் அதில் இல்லை. அடுத்து எக்ஸ்ஏவிசி எஸ், எம்பி4, கைபேசி.

எச்டிவி கேசட் வைத்திருப்பவர்கள், ஓடும் காமிராவும் ஃபயர்வயர் துளையுள்ள கம்ப்யூட்டரும் கிடைக்கும்போதே அதை இறக்கிவிட வேண்டும். இறக்கும்போது வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்லும் மென்பொருளுக்குத் தலையாட்டாதீர்கள். நாடாவிலுள்ள பிட்டுகள் எம்2டி ஃபைலாக அப்படியே வரட்டும், மணிக்குச் சுமார் 12 ஜிபி.