விண்ணப்பத்தில் சொல்லும் அடையாளம்

திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள பொறியியற் கல்லூரிகளில் பட்டம் பெற்று உத்தியோகம் தேடும் இளைஞர்களுக்கு இரு வகையான விண்ணப்பங்கள் பரிச்சயமானவை. ஒன்று, திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைக்கோ, பொன்மலை ரயில்வே பணிமனைக்கோ, அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கோ செல்வது. அதில் இடஒதுக்கீடு கோருவோர் வருவாய்த்துறை அதிகாரி வழங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். கோர விரும்பாதவர் பொதுப்போட்டியில் நிற்கலாம். மற்றொன்று, அமெரிக்கக் கம்பெனிகளின் வேலைகளுக்குச் செல்வது. இனம் என்ன, ஆணா பெண்ணா, உடற்குறை உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பதில் சொல்வதும் சொல்லாதிருப்பதும் உங்கள் விருப்பம், தேர்வு செய்வோரின் பார்வைக்கு இது செல்லாது என்று அது உறுதி கூறுகிறது. முதல் தாளில் எழுதிய விடை உரிமையாகிறது. இரண்டாவதில் எழுதியது கணக்காகிறது. இவ்விரண்டில் எதுவும் தனித்து நின்று சமசந்தர்ப்பத்தை அளித்துவிடாது என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கைக்கு வலிமை தந்தது, எந்தப் பதவியில் எந்த வகுப்பார் எத்தனை பேர் என்று அது எடுத்துக்காட்டிய எண்களே. அந்த எண்களின் பலனாகத்தான் 1921-இல் முதல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. பின்னர் முத்தையா முதலியார் அமைச்சராயிருந்த காலத்தில் அது செயலுக்கு வந்தபோது, 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்குமாக 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என்று பங்கிடப்பட்டது. ஒருவரும் தம் வகுப்பைச் சொல்லாத நாட்டில், ஒரு வகுப்பாரே எல்லா நாற்காலிகளிலும் அமர்ந்திருப்பதைத் தகுதியின் விளைவென்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆயினும் எல்லோரையும் பெட்டி பெட்டியாக அடைத்துவிடும் பங்கீட்டுக்கும் ஓர் எல்லையுண்டு. மாவட்ட முன்சீப் பதவிக்கு விண்ணப்பித்த வேங்கடரமணா என்பவரின் வழக்கில், 83 இடங்களை ஆறு வகுப்புகளுக்குப் பிரித்திருந்த சென்னை அரசின் முறையை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 9 அன்று, அரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் உரிய ஒதுக்கீட்டை ஏற்று, ஏனைய பிரிவினைகளைச் சமத்துவத்துக்கு மாறானவை என்று தள்ளிற்று. அடையாளத்தைக் கேட்பதற்கு நியாயம் அநீதியை நீக்குவதில் இருக்க வேண்டும் என்ற கருத்தை நான் அத்தீர்ப்பிலிருந்து கொள்கிறேன். 1992-இல், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பற்றிய மண்டல் வழக்கின் தீர்ப்பு, ஒதுக்கீட்டு வகுப்பைச் சேர்ந்தவர் தம் மதிப்பெண்ணாலேயே தேறினால் அவர் பொது இடத்திலேயே கணக்கிடப்படுவார் என்று உறுதி செய்து, வகுப்பைச் சொன்னவனுக்கு அதனால் பொது வாயில் அடைபடாமல் காத்தது.

இனி, சொல்வது விருப்பம் என்ற ஏற்பாட்டைப் பார்ப்போம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்ததன் பயனாக, தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டமாத்திரத்தில் சாதி தெரிவது பெரிதும் குறைந்தது. இது நமக்குக் கிடைத்த அருமையான பாதுகாப்பு. ஆனால் பெயர் மறைத்ததை விலாசம் சொல்லிவிடுகிறதே! ஸ்ரீரங்கத்து உத்தர வீதி என்றோ, நகரின் ஓரத்துக் காலனி ஒன்றின் பெயரையோ எழுதிய விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் உள்ளூர் மேலாளருக்கு, விருப்பக் கேள்விக்கு விடையில்லாதது ஒரு பொருட்டா? அடையாளம் தெரிந்தால் நேர்வது என்ன என்பதற்குச் சான்றுண்டு: சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், படிப்பும் அனுபவமும் ஒத்த விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பியபோது, தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் தாங்கியவற்றுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அஞ்சுபவன் விடை சொல்லாமல் விடுவான். அவன் விட்ட இடத்தில் கணக்கும் பொய்யாகும்.

இதனினும் கொடிய குறை ஒன்று, பழைய மிஷன்கள் வேரூன்றிய திருச்சியில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியதாக வகுத்து, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்ததேயன்றி, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. ஞானஸ்நானம் பெற்ற தலித் ஒருவர், தெருவும் தொழிலும் அக்கம்பக்கத்தார் நடத்தும் விதமும் முன்போலவே இருக்க, தம் மதத்தை உள்ளபடி எழுதினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். மறைத்து எழுதினாலோ பொய்யுரைத்தவராகிறார். உண்மை சொன்னதற்காக ஒருவரைத் தண்டிக்கும் படிவம் நீதியின் கருவியாகாது. இதைத் திருத்தவேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது அன்று, நாடாளுமன்றத்துடையது.

அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்தது, விடையைத் தேர்வாளர் கண்ணில் படாமல் பிரித்து வைக்கும் ஒழுங்கு. அம்முறைக்கு ஆதாரங்களில் ஒன்றாயிருந்த 1965-ஆம் ஆண்டு நிர்வாக உத்தரவு 2025 ஜனவரியில் ஒரே கையொப்பத்தில் ரத்தாயிற்று. நம்முடைய ஒதுக்கீட்டின் ஆதாரம் அரசியல் சாசனத்தின் 16(4) பிரிவில் இருப்பதால் அப்படி ஒரு நாளில் அழியாது. ஆனால் அது அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. தனியார் நிர்வாகங்களைத் தொடும் சட்டம் என்று பார்த்தால், எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டுமென்ற 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சொல்லலாம். அதுவும் சாதியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே, திருச்சியிலுள்ள தனியார் கல்லூரிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: விண்ணப்பதாரரின் வகுப்பையும் பாலையும் உடற்குறையையும் தனித்தாளில், அவர் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள், அத்தாளை நேர்காணல் குழுவின் கைக்கு எட்டாமல் வையுங்கள், விண்ணப்பித்தோர், அழைக்கப்பட்டோர், அமர்த்தப்பட்டோர் ஆகிய மூன்று தொகைகளையும், விடை சொல்லாதவர் தொகையோடு சேர்த்து, ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடுங்கள். வெளியிட மனமில்லாத நிர்வாகம் அந்தக் கேள்வியைக் கேளாமலே இருக்கட்டும்.