அப்பாவின் கிதார் எங்கே போனது?

ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப இசைக்குழுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பழைய குற்றச்சாட்டும் கூடவே வரும்: சுவிசேஷப் பாட்டை விட்டுவிட்டு, காசுக்காக சோல் இசைக்குப் போய்விட்டார்கள் என்பது. இதில் நியாயம் இல்லை. தந்தை பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் சார்லி பாட்டனின் புளூஸைக் கேட்டு வளர்ந்தவர். சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோதும் அவர் விரல்களில் இருந்தது அந்த புளூஸ்தான். 1956-ல் வந்த ‘அன்கிளவுடி டே’ பாடலைக் கேளுங்கள். நீரலை போல் நடுங்கும் ஒற்றைக் கிதார், அதன்மேல் மகள் மேவிஸின் கனத்த கீழ்க்குரல், பின்னால் அக்காவும் அண்ணனும். வேறு எதுவும் அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

உலக விவகாரமும் அவர்களுக்குப் புதிதல்ல. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான செல்மா பேரணிக்காக பாப்ஸ் எழுதிய ‘ஃப்ரீடம் ஹைவே’யை 1965-ல் சிகாகோ தேவாலயம் ஒன்றில், சபையார் முன்னிலையில்தான் பாடிப் பதிவுசெய்தார்கள்.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. 1968-ல் ஸ்டாக்ஸ் என்ற சோல் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் பதிவு அலபாமாவின் மசில் ஷோல்ஸுக்கு மாறியது. அங்கிருந்த வாத்தியக்காரர்கள் அபாரமானவர்கள். ‘ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்’ இன்றும் உடம்பை அசைக்கிறது, கூடவே சுயமரியாதையையும் பேசுகிறது. ஆனால் 1972-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘ஐ’ல் டேக் யூ தேர்’ பாடலின் நடுவே மேவிஸ் அப்பாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார். ஆனால் தொடர்ந்து ஒலிக்கும் கிதார் மசில் ஷோல்ஸ் வாத்தியக்காரர் எடி ஹிண்டனுடையது. பாடலின் அடித்தாளமோ ஜமைக்காவின் ‘லிக்விடேட்டர்’ இசைத்தட்டிலிருந்து எடுத்தது. பாட்டு அருமை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தை எந்தக் கூட்டத்திலும் தனித்துக் காட்டிய ஓசை அதில் இல்லை. உடன்பிறந்தவர்களின் குரல்களும் மேவிஸுக்குத் துணைக்குரலாகச் சுருங்கின. 1975-ன் ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ திரைப்பாடலும் முதலிடம் பிடித்தது. ஆனால் அந்தக் காதல் குழைவில் இவர்களுக்கென்று சொல்ல ஒன்றுமில்லை.

எண்பதை எட்டும் வயதில், 1994-ல், பாப்ஸ் ‘ஃபாதர் ஃபாதர்’ என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். நடுங்கும் கிதார் அதில் முன்வரிசைக்கு வந்தது, கிராமி விருதும் கிடைத்தது. ஸ்டாக்ஸ் நாட்களிலேயே அந்தக் கிதாரை நம்பிப் பாட்டமைத்திருக்க வேண்டும்.