பூசலார் கட்டிய கோயில்

திருநின்றவூருக்கு மன்னன் தேடி வந்து கேட்டபோது, பூசலார் கட்டிய கோயில் எது என்று ஊராருக்குத் தெரியவில்லை. அப்படியொரு கோயில் ஊரில் இல்லை. கையில் பொருளில்லாத அந்த அடியவர் உறக்கத்தையும் விட்டு, மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, விமானம் எழுப்பி, கிணறும் குளமும் தோண்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்திருந்தார். தேடி வந்த அந்த மன்னன், காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன், தன் கோயிலுக்குக் குறித்ததும் அதே நாள். இதை எழுதிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். எங்கள் கோவில்பதாகையிலிருந்து ஆவடி, பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர். பிரக்ஞை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பக்கத்து ஊர்க் கதைதான்.

ஒலி வந்த பக்கம் திரும்புவது, கேட்டதற்குப் பதில் தருவது எல்லாம் அறிதல், வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். அந்த ஒலியை உள்ளே ஒருவர் அனுபவிக்கிறாரா என்பது பிரக்ஞை பற்றிய கேள்வி. இரண்டும் பிரியக்கூடியவை. 1974இல் வைஸ்கிரான்ட்ஸ் குழு ஆராய்ந்த ஒரு நோயாளிக்கு மூளை அறுவைக்குப் பின் இடப்பக்கப் பார்வை போயிருந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றவர், ஊகித்துக் காட்டச் சொன்னபோது ஒளிப்புள்ளி இருந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே காட்டினார். அறிதல் இருந்தது, பார்க்கும் அனுபவம் இல்லை.

இதற்கு மறுதலையானது 2006இல் கேம்பிரிட்ஜில் தெரியவந்தது. விபத்தில் அடிபட்ட 23 வயதுப் பெண். கண் திறந்திருக்கும், எதற்கும் அசைவில்லை. ஏட்ரியன் ஓவன் அவரை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தம் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் நினைக்கச் சொன்னார். நலமானவர்களின் மூளையில் எழும் அதே செயல்பாடு அவரிடமும் எழுந்தது. ஊராருக்குத் தெரியாத கோயில் ஒன்றைக் கருவி கண்டுவிட்டது என்றே இதைச் சொல்வேன்.

நம் மரபும் இதை நுணுகிப் பார்த்திருக்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் நனவு முதல் உயிர்ப்படங்கல் வரை ஐந்து அவத்தைகளை, அதாவது உயிரின் நிலைகளைப் பேசுகிறது. புலன், மனம் முதலிய கருவிகள் ஒவ்வொன்றாய் ஒதுங்க உயிரின் அறிவும் ஒடுங்கும். கருவிதான் உயிர் என்று சைவ சித்தாந்தம் ஒப்பாது. ரமணரோ ஆழ்ந்த உறக்கத்திலும் மாறாதிருப்பது எது என்று கேட்டார். சித்தாந்தத்தின் கணக்கே எனக்கு நெருக்கம்: கட்டுண்ட நிலையில் உடலின் துணையின்றி உயிர் எதையும் அறியாது என்பதால், அதை மருத்துவமனை வரை கொண்டுபோக முடிகிறது. மூளையின் இயக்கம் ஏன் அனுபவமாகிறது என்ற தத்துவவாதி டேவிட் சால்மர்ஸின் கேள்வி 1995 முதல் அப்படியே நிற்கிறது. பிரக்ஞைக்குரிய மூளை இயக்கமாவது 25 ஆண்டுகளில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று அவரிடம் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

விடை வரும்வரை ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பங்கள் காத்திருக்க முடியாது. “நினைவு வந்துடுச்சா?” என்று கேட்பவர்களிடம், பேசிப் பயனில்லை என்று சொல்லிவிடுவது மிகவும் எளிது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளை அடிபட்டு, சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கியது. படுக்கையருகே வெளிப்படையாகவே சொன்னதைச் செய்த 112 பேரில் கருவி கண்டுகொண்டது 43 பேரைத்தான். அதனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் படுக்கையில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில் யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.