ஃபிலிப் ராத்தை எப்படி ரசிப்பது?

அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்தை முதன்முதலாக வாசிக்கப் புகும் ஒருவர், நூலைத் திறப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய அபிப்பிராயங்கள் பலவற்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறார். யூதராகப் பிறந்து யூதரையே நிந்தித்தவர் என்பார்கள். ஆபாசம் எழுதிப் பேரும் பணமும் சேர்த்தவர் என்பார்கள். பெண்களை வெறுத்தவர் என்பார்கள். தம்மை நம்பியவர்களின் அந்தரங்கத்தைக் கூச்சமின்றி அச்சிலேற்றியவர் என்பார்கள். இவற்றில் எதையும் முற்றிலும் ஆதாரமற்றதென்று தள்ளிவிட முடியாது. ஆனால், இந்தக் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றையும் ராத் தாமே எடுத்து, தம் நூல்களுக்குள் யாரேனும் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து, அவருடைய பகைவர்களுக்குக்கூடக் கைவராத வன்மையோடு தமக்கெதிராகவே பேசவைத்தார் என்பதைக் கவனித்துவிட்டால், அவரை ரசிக்கும் வழி பிடிபட்டுவிடுகிறது. கதையைச் சொல்லுகிறவனுடைய குரலைவிட, அவனை எதிர்த்து வழக்காடுகிறவனுடைய குரலைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

1933ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி, நியூ ஜெர்ஸி மாநிலத்து நியூவார்க் நகரில் ராத் பிறந்தார். தந்தை ஹெர்மன், மெட்ரோபாலிடன் லைஃப் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஏழை எளியவர் வீட்டுப் படியேறிப் பிரீமியம் வசூலிக்கும் ஏஜெண்டாகத் தொடங்கி, அதிகப் படிப்பில்லாத குறையை அயராத உழைப்பால் ஈடுசெய்து மேலே வந்தவர். அவர்கள் குடியிருந்த வீக்வாயிக் பகுதி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை அமெரிக்கர்களாக வளர்த்தெடுத்த, ஆடம்பரமும் தரித்திரமும் இல்லாத ஒரு வட்டாரம். ராத் பிற்காலத்தில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் கனெக்டிகட் கிராமப்புறத்திலும் வசித்தவரேயாயினும், அவருடைய கற்பனை ஓயாமல் திரும்பிச் சென்றது அந்தச் சில தெருக்களுக்கே. ஆகவே அவரை வாசிக்கிறவர் அமெரிக்கா முழுவதையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஓர் ஊரை அவருடைய நூல்களிலிருந்தே மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டால் போதும்.

சச்சரவு மிக இளம் பிராயத்திலேயே தொடங்கிவிட்டது. 1959இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் வெளிவந்த 'டிஃபெண்டர் ஆஃப் தி ஃபெயித்' என்ற சிறுகதையில், ராணுவப் பயிற்சி முகாமொன்றில், மதாசாரத்தைச் சாக்காகக் காட்டிச் சலுகைமேல் சலுகை கேட்கும் ஒரு யூதச் சிப்பாயும், தன் இனத்தான் என்ற பாசத்துக்கும் கடமைக்கும் நடுவே அல்லல்படும் ஒரு யூத சார்ஜெண்டும் வருகிறார்கள். பிற மதத்தார் கண்ணில் படும்படி இப்படி எழுதலாமா என்று குருமார்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டில் வெளியான 'குட்பை, கொலம்பஸ்' என்ற முதல் நூல் மறு ஆண்டு தேசியப் புத்தக விருதைப் பெற்றது, கோபம் தணியவில்லை. 1962இல் நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டமொன்றில், நாஜி ஜெர்மனியில் வாழ்ந்திருந்தால் இந்தக் கதைகளை எழுதியிருப்பீரா என்று தம்மைக் கேட்டதாக ராத் பின்னர் எழுதியிருக்கிறார். ஹிட்லரின் கொலைக்களங்கள் ஓய்ந்து இருபது ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. கேட்டவர்களின் அச்சம் போலியானதன்று. இதை மறந்துவிட்டு அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குகிற வாசகர் ராத்தையும் பாதியாகவே அறிவார்.

ஏனெனில் ராத் அவர்களை ஒதுக்கவில்லை. 1979இல் அவர் எழுதிய 'தி கோஸ்ட் ரைட்டர்' என்ற சிறு நாவலில், நேதன் ஸக்கர்மன் என்ற இளம் எழுத்தாளன் தன் குடும்பத்துச் சொத்துத் தகராறு ஒன்றைக் கதையாக்க, அதைப் படித்து மனமொடிந்த தந்தை ஊர்ப் பெரியவரான ஒரு நீதிபதியின் உதவியை நாடுகிறார். நீதிபதியோ, யூதரைப் பழிப்பவர்களுக்கு இந்தக் கதை விருந்தாகாதா என்ற தொனியில் பத்துக் கேள்விகளை எழுதியனுப்புகிறார். அந்தக் கேள்வித்தாளைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. மறுபடி படித்தால், மகன்மேல் உயிரையே வைத்திருக்கும் தந்தையின் தவிப்பு அதற்குப் பின்னால் நிற்பது தெரிந்து, சிரித்ததற்காக மனம் உறுத்துகிறது. மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது, தந்தை பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் நிற்கும் அந்த இடத்தில்தான் ராத்தின் கலை முழு வலிமையோடு விளங்குகிறது.

அவருக்குப் பெரும் புகழையும் அபகீர்த்தியையும் ஒருசேரத் தந்த 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெயிண்ட்' 1969இல் வந்தது. ஒரு வாலிபன் மனோவைத்தியரிடம் தன் தாயைப் பற்றியும், தன் காமத்தைப் பற்றியும், குற்றவுணர்ச்சியைப் பற்றியும் மூச்சுவிடாமல் புலம்பித் தீர்ப்பதே அந்த நாவல். ஆஸ்திரேலியாவில் அது தடைசெய்யப்பட்டதும், பெங்குவின் நிறுவனம் 1970இல் ரகசியமாக அச்சிட்டு வெளியிட்டதும், வழக்குகளுக்குப் பின் மறு ஆண்டு தடை நீங்கியதும் அந்நாட்டுத் தணிக்கைச் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட சம்பவங்கள். யூத ஞானமரபின் பேரறிஞரான கெர்ஷோம் ஷோலெம், இஸ்ரேலியப் பத்திரிகையொன்றில் அதைக் கடுமையாகக் கண்டித்தார். இவ்வளவு பேசப்பட்ட நூலாயிற்றே என்று பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். அது தவறு என்பது என் துணிபு. கடைசி வரியில் வைத்தியர் வாய்திறக்கும்வரை இந்த நாவலில் ஒரே குரல்தான் ஒலிக்கிறது. எதிர்க்குரலின் சுவையை அறியாத வாசகருக்கு அந்தப் பேச்சின் வெறி மட்டுமே எஞ்சும், அதற்குள் ஒளிந்திருக்கும் விம்மல் கேட்காது.

தொடங்க வேண்டிய நூல் 1991இல் வெளிவந்த 'பேட்ரிமனி'. இது நாவலன்று, மூளையில் கட்டி வளர்ந்து எண்பத்தாறாம் பிராயத்தில் மெல்ல அழிந்துகொண்டிருந்த தம் தந்தையைப் பற்றி மகன் எழுதிய உண்மைச் சரிதம். மகனுடைய வீட்டில் தங்கியிருக்கும்போது கிழவர் குளியலறையில் கட்டுப்பாடிழந்து மலம் கழித்துவிடுகிறார். குழந்தையைப்போல் கூனிக்குறுகி, யாரிடமும் சொல்லிவிடாதே என்று மன்றாடுகிறார். மகனும் சொல்லமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு, தரையின் இடுக்குகளைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம்செய்கிறான். தந்தையிடமிருந்து தனக்கு வந்த பிதிரார்ஜிதம் இதுவே என்று அவன் உணர்கிற அந்தப் பக்கங்களைக் கண் நனையாமல் படிப்பது அரிது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டபின் ஒரு கேள்வி எழுகிறது: சொல்லமாட்டேன் என்றவன் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டானே! ராத் அதை அறியாதவரல்லர். நூலின் முடிவில், இறந்த தந்தை கனவில் வந்து, தம்மை அடக்கம் செய்தபோது உடுத்திய ஆடை சரியில்லை என்று மகனைக் கடிந்துகொள்கிறார். அந்தக் கண்டிப்போடு நூல் முடிகிறது. மகன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள முயலவில்லை. அன்பும் துரோகமும் ஒரே செயலில் பின்னிக்கிடக்கலாம் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன நூல்கள் மிகச் சில.

அடுத்ததாக, புலிட்சர் பரிசு பெற்ற 'அமெரிக்கன் பாஸ்டரல்' என்ற 1997ஆம் ஆண்டு நாவல். 'ஸ்வீட்' என்று ஊரே கொண்டாடிய விளையாட்டு வீரன் ஸீமோர் லெவாவ், தந்தையின் கையுறைத் தொழிற்சாலையை நடத்திக்கொண்டு, அழகிய மனைவியோடு கிராமத்துக் கல்வீட்டில் வாழ்கிறான். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துப் பொங்கிய அவனுடைய திக்குவாய் மகள் மெரி, 1968இல் உள்ளூர்த் தபால் நிலையத்தில் குண்டுவைத்து ஓர் உயிரைக் கொன்றுவிட்டு மறைந்துபோகிறாள். இதில் கையுறை செய்யும் தொழிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருவதைக் கண்டு சலித்து, அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து தாண்டாதீர்கள். மகள் மறைந்து சில மாதங்களான ஒருநாள், ஆராய்ச்சி மாணவி என்று சொல்லிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு பெண் தொழிற்சாலைக்கு வருகிறாள். தோலை எப்படித் தேர்ந்தெடுப்பது, ஈரப்பதம் பார்த்து எப்படி இழுத்து நீட்டுவது, வெட்டுகிறவனுடைய கைத்திறம் எத்தகையது, ஒவ்வொரு விரலும் எப்படித் தைக்கப்படுகிறது என்று ஸ்வீட் அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். தன் துக்கத்தை அந்த ஒரு மணி நேரம் மறந்து, இழந்த மகளுக்கே மறுபடி பாடம் சொல்லுவதுபோல் மனம் குளிர்ந்து, அவளுடைய சிறிய கைக்கு அளவெடுத்து ஒரு ஜோடி செய்தும் கொடுக்கிறான். விடைபெறும் வேளையில் அவள், மெரி தன்னுடைய பழைய படத்தொகுப்புப் புத்தகத்தைக் கேட்டனுப்பினாள் என்கிறாள். தொழிலின் நுணுக்கங்களைப் பொறுமையாக வாசித்துவந்தவருக்கு மட்டுமே அந்த வாக்கியம் அடிவயிற்றில் விழும். நியூவார்க் என்ற உழைப்பாளர் நகரம் 1967ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் எதை இழந்தது என்பதையும் அந்தத் தோலும் ஊசியும்தான் நமக்குச் சொல்லுகின்றன.

இந்நாவலிலும் எதிர்க்குரலைத் தேடுங்கள். ஸ்வீடின் தம்பி ஜெர்ரி, மயாமியில் இருதய சிகிச்சை நிபுணன், தொலைபேசியில் அண்ணனைக் கிழித்தெறிகிறான்: எல்லாருக்கும் நல்லவனாயிருந்து, யாரையும் உண்மையில் அறியாமல் வாழ்ந்ததே உன் குற்றம் என்பது அவன் வழக்கு. நாம் அதுவரை நேசித்த மனிதன்மேல் விழும் அந்த அடிகளில் பாதி நியாயமானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. மேலும், ஸ்வீடின் அந்தரங்கம் முழுவதும் வயோதிகனாகிவிட்ட ஸக்கர்மன் கற்பனைசெய்து எழுதியது என்பதையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். பிறரை நாம் தவறாகவே புரிந்துகொள்கிறோம் என்ற சந்தேகம் நூலின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு பழகியபின் 'தி கவுண்டர்லைஃப்' என்ற 1986ஆம் ஆண்டு நாவலுக்கு வரலாம். ஓர் அத்தியாயத்தில் இறந்தவன் அடுத்ததில் உயிரோடிருப்பான். குழம்ப வேண்டாம், ஒரே விவகாரத்தை எதிரெதிர்க் கோணங்களிலிருந்து வழக்காடிப் பார்க்கிறார், அவ்வளவே. ஒரு கட்டத்தில் ஸக்கர்மனின் மனைவி மரியா, அவனுடைய ஓயாத பிணக்குகளை இனித் தாங்க முடியாது என்று கடிதமெழுதி, அவனை மட்டுமின்றி அந்த நாவலையே விட்டு வெளியேறிவிடுகிறாள். இரண்டாண்டுக்குப் பின் வந்த 'தி ஃபாக்ட்ஸ்' என்ற சுயசரிதத்திலோ, கையெழுத்துப் பிரதியைப் படித்த ஸக்கர்மன், இதில் நீர் உம்மை நல்லவராகக் காட்டிக்கொண்டிருக்கிறீர், வெளியிட வேண்டாம் என்று தன்னைப் படைத்தவருக்கே நீண்ட கடிதம் எழுதுகிறான்.

பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு வருவோம். அவருடைய மனைவியாயிருந்த நடிகை கிளேர் ப்ளூம் 1996இல் எழுதிய 'லீவிங் எ டால்ஸ் ஹவுஸ்' என்ற நினைவுநூல், கொடூரமும் தன்னலமும் மிக்க ஒரு கணவரைச் சித்திரிக்கிறது. 2011இல் அவருக்கு மேன் புக்கர் சர்வதேசப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, நடுவர்களுள் ஒருவரான கார்மன் கல்லில் உடன்பட மறுத்து விலகினார். ப்ளூமின் நூலை ராத்தின் ரசிகர்கள் படிக்காமல் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். அதுவும் ஓர் எதிர்க்குரலே, அதை அடக்குவது ராத்தின் சொந்த முறைக்கே விரோதமானது. என் அபிப்பிராயம் இது: மரியாவைப்போல் பெண்ணுக்கு முழுக் குரல் கொடுத்த இடங்களில் ராத் உயர்ந்து நிற்கிறார், 'தி டையிங் அனிமல்', 'தி ஹம்ப்ளிங்' போன்ற பிற்கால நூல்களில் முதிய ஆணின் இச்சைக்கு மறுமொழி சொல்ல ஆளின்றிப் போகவே, கதை வற்றிவிடுகிறது. அங்கே குறைபட்டிருப்பது ஒழுக்கம் மட்டுமன்று, கலையும்தான்.

கனெக்டிகட் வீட்டில் மேஜைமுன் நின்றபடியே எழுதி, முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்டுவிட்டு, 1944ஆம் ஆண்டு நியூவார்க்கில் இளம்பிள்ளைவாதம் பரவும் கதையான 'நெமிசிஸ்'ஸோடு 2010இல் அவர் பேனாவை வைத்துவிட்டார். 2018 மே 22ஆம் தேதி காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

ராத்தின் வாக்கியங்கள் பேச்சின் வேகத்தில் எழுதப்பட்டவை. ஆகவே கோபமான ஒரு பக்கம் வரும்போது அதை வாய்விட்டு வாசியுங்கள், யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பது தெளிவாகிவிடும். 'பேட்ரிமனி', 'தி கோஸ்ட் ரைட்டர்', 'அமெரிக்கன் பாஸ்டரல்', 'தி கவுண்டர்லைஃப்' என்ற வரிசையில் நான்கையும் படித்தபின் 'போர்ட்னா'யைக் கையிலெடுங்கள்; அதற்குமுன் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.