கூடுதல் நேரம், குறைந்த சுமை: ஓட்டமும் சைக்கிளும் கலந்த ஒரு வாரம்

சென்னையில் திருவான்மியூர் தொடங்கி மாமல்லபுரம் வரை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே ஓடுவோரும் சைக்கிள் மிதிப்போரும் பெரும்பாலும் வேலைக்குச் செல்பவர்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானையோ, 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. சைக்கிள், மீண்டும் 5 கி.மீ. ஓட்டம் என அடுத்தடுத்து வரும் டூயத்லான் போட்டியையோ முடித்துவிட வேண்டும் என்ற விருப்பத்தால் வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தை ஒதுக்கும் இந்த அமெச்சூர் வீரர்களின் உழைப்பு மெச்சத்தக்கது. எனினும், அவ்வுழைப்பை வாரத்தின் நாள்களுக்குப் பங்கிடுவதில் அவர்களுள் பலர் ஒரே தவற்றைச் செய்கின்றனர்: எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே கடுமையில் பயிற்சி செய்கின்றனர்.

இத்தவற்றைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அமெரிக்க விளையாட்டு அறிவியலாளர் கார்ல் ஃபோஸ்டர் வகுத்த முறைப்படி, பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரே 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் கிடைப்பது அன்றைய பயிற்சிச் சுமை. திங்கள் ஓய்வு, மற்ற ஆறு நாளும் 60 நிமிடம், கடுமை 6 என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் வாரச் சுமை 2,160 ஆகிறது.

இதற்கு மாறாக அமையும் வாரம் ஒன்றைக் காணலாம். செவ்வாயன்று 50 நிமிட மெல்லோட்டம் (கடுமை 3), புதனன்று 1,000 மீட்டரை ஐந்து முறை விரைந்தோடி இடையிடையே நடந்து ஆறும் இடைவேளைப் பயிற்சி உட்பட 60 நிமிடம் (7), வியாழனன்று 60 நிமிட இலகுவான சைக்கிள் (2), வெள்ளியன்று 40 நிமிட மெல்லோட்டம் (3), சனியன்று மூன்று மணி நேர சைக்கிள் (4), ஞாயிறன்று 100 நிமிட நெட்டோட்டம் (5). மொத்த நேரம் எட்டு மணிக்குமேல். சுமையோ 2,030 மட்டுமே. அன்றாடச் சுமையின் சராசரியை அதன் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் ‘ஒருதன்மை எண்’ முதல் வாரத்தில் சுமார் 2.4, இரண்டாவதில் 1.2. இந்த எண் 2-ஐத் தாண்டி நிற்கும்போது சோர்வும் நோயும் நெருங்குகின்றன என்பது ஃபோஸ்டரின் எச்சரிக்கை. பயிற்றுநர் இலகுவாகத் திட்டமிட்ட நாள்களில் வீரர்கள் கூடுதலாக உழைத்துவிட்டு, கடினமான நாள்களில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வதையும் அவரது ஆய்வுக்குழு பதிவு செய்துள்ளது.

மெதுவான உழைப்பின் பயன் உடலியங்கியலில் தெளிவாக உள்ளது. முழு வாக்கியங்களைத் திணறாமல் பேச முடிகிற வேகத்தில் தசைகள் உயிர்வளியைக் கொண்டு கொழுப்பை எரித்து ஆற்றல் பெறுகின்றன. வாரங்கள் செல்லச் செல்லத் தசைக்குள் நுண்குருதிக் குழாய்களும், செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர், படகோட்டம் முதல் பனிச்சறுக்கு வரையிலான தாங்குதிறன் விளையாட்டுகளின் உயர்நிலை வீரர்களை ஆராய்ந்து, அவர்களின் பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த மெதுவான வகையே என்று காட்டினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டிடம் வாரத்துக்கு 160 கி.மீ. வரை ஓடிப் பழகிய பீட்டர் ஸ்னெல், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார்.

ஓட்டத்தையும் சைக்கிளையும் ஒரே தராசில் நிறுப்பது மற்றொரு பிழை. 1 கி.மீ. ஓட்டத்துக்கு 3 முதல் 4 கி.மீ. சைக்கிள் ஈடு என்ற தோராயக் கணக்கு ஆற்றல் செலவுக்குப் பொருந்தலாம். எலும்புக்கும் தசைநாணுக்கும் பொருந்தாது. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலைத் தாக்க, சைக்கிளிலோ எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. சைக்கிளால் சில வாரங்களிலேயே வலுப்பெறும் இதயமும் நுரையீரலும் வேகமாக ஓடத் தூண்டும். உறுதிபெற மாதக்கணக்கில் நேரம் கேட்கும் குதிகால் நாணும் முன்கால் எலும்பும் அந்த வேகத்துக்கு இன்னும் ஆயத்தமாகியிருக்காது. காயங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. டூயத்லானுக்கு ஆயத்தமாவோர் இரு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை சைக்கிளை விட்டு இறங்கிய உடனே 15 நிமிடம் ஓடிப் பழகுவது நலம். மிதித்துக் களைத்த தொடை கனத்து, காலடி குறுகித் தடுமாறும் அந்த முதல் கிலோமீட்டரைப் போட்டிநாளில்தான் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாது.

சென்னையின் புழுக்கம் இக்கணக்கை மேலும் சிக்கலாக்குகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுவதால் உடல் தணிவதில்லை. தோலுக்குக் கூடுதல் இரத்தம் செல்ல, வேகம் மாறாவிட்டாலும் நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு உயர்ந்துகொண்டே போகிறது. குளிர்நாட்டுப் பயிற்சி நூல்கள் தரும் வேக அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்றுவது ஆபத்தானது. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைக் காட்டிலும் மூச்சின் நிலையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

ஜனவரியில் முதன்முறையாக மாரத்தான் ஓடவிருப்போர் வாரத்தில் ஒரு நாளை மட்டும் கடினமாக்கி, ஞாயிறு நெட்டோட்டத்தின் வேகத்தை இந்த வாரமே குறைக்க வேண்டும். முன்கால் எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்குமானால், புதன்கிழமை ஓட்டத்தைக் கைவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.