புகைக் குழாயில் கேட்கப்படாத சாட்சி

உங்கள் வண்டிக்கு எடுத்த புகைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள். பெட்ரோல் வண்டியானால் கார்பன் மோனாக்சைடு இத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று அதில் குறித்திருக்கும். டீசல் வண்டியானால், புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதற்கான எண் இருக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற பெயரைத் தேடினால் அகப்படாது. வண்டி சுமையோடு மேடேறும்போது எப்படிப் புகைவிட்டது என்ற செய்தியும் அகப்படாது.

ஆனால் உங்களுடையது 2020க்குப் பின் வந்த பெட்ரோல் காராகவோ மோட்டார் சைக்கிளாகவோ இருந்தால், இக்கேள்விகளுக்குத் துப்புக் கொடுக்கக்கூடிய ஒரு கருவி அதன் புகைக் குழாயிலேயே திருகப்பட்டிருக்கிறது. அது எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் விழித்திருக்கிறது. நொடிக்குப் பலமுறை அளவெடுக்கிறது. சான்றிதழ் கொடுக்கும்போது மட்டும் அதை ஒருவரும் விசாரிப்பதில்லை. நல்ல சாட்சியை வாசலில் நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பெழுதும் இந்த ஏற்பாடு சரிதானா என்று பார்ப்போம்.

சாட்சி யார்?

இதன் பெயர் ஆக்சிஜன் சென்சார். ஒர்க்‌ஷாப்பில் 'ஓ-டூ சென்சார்' என்பார்கள். சுட்டுவிரல் பருமனுள்ள இதன் நுனியில் சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் பீங்கான் இருக்கிறது. அதில் சிறிதளவு இட்ரியம் ஆக்சைடு கலந்து, இருபுறமும் பிளாட்டினம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று. மறுபக்கம் எஞ்சினிலிருந்து வரும் புகை. இக்கலவைப் பீங்கானைக் கொண்டு வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மின்விளக்கே செய்தார். குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் இப்பொருள், சூடேறினால் ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே நடக்கவிடும்.

ஆக்சிஜன் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் நகர முயலும்போது இரு பக்கங்களுக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கிறது. அதே நெர்ன்ஸ்டின் சமன்பாட்டை இங்கே போட்டுப் பாருங்கள். 700 டிகிரி செல்சியசில், ஆக்சிஜன் அழுத்தம் பத்து மடங்கு வேறுபட்டால் ஏறத்தாழ 48 மில்லிவோல்ட் கிடைக்கும். நூறு மடங்கு வேறுபட்டால் அது இரட்டிக்கும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதைவிடச் சற்றே கூடினால் புகையில் ஆக்சிஜன் மிஞ்சும். சென்சார் சுமார் 0.1 வோல்ட் காட்டும். பெட்ரோல் சற்றே கூடினால், பிளாட்டினத்தின்மேல் மிச்சமிருந்த ஆக்சிஜனும் எரிந்து தீர்ந்துவிட, அழுத்தம் 0.9 வோல்ட்டுக்குத் தாவும். 0.9ஐ 0.048ஆல் வகுத்தால் 18க்கு மேல் வருகிறது. அதாவது இரு பக்க ஆக்சிஜனும் 1க்குப் பின் 18 சுழியிட்ட மடங்குக்கும் மேலாக வேறுபடுகின்றன! சரியான கலவையைத் தாண்டும் அந்த ஓர் இடத்தில் சென்சார் இவ்வளவு தெளிவாகத் தாவுவதால்தான், பெட்ரோலைக் கூட்டு, குறை என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அதனால் சொல்ல முடிகிறது.

1976இல் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப்பட்ட ஸ்வீடனின் வால்வோ கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது. செய்து கொடுத்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் வந்தபின் மோட்டார் சைக்கிள்களிலும் இது பரவலாக வந்துவிட்டது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுபவர்கள் இதன் அருமையை உணரலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் வண்டி இதை அறியாமல் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக் கரும்புகை கக்கும். சென்சார் உள்ள வண்டி, கலவை கெட்டதை அப்போதைக்கப்போதே கண்டு திருத்திக்கொள்ளும்.

வேகக் காரில் கூடுதல் வேலை

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2021இல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரை எடுத்துக்கொள்வோம். 998 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து டர்போவின் உதவியால் 120 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். டர்போ இல்லாத இதே அளவு எஞ்சின் 65 முதல் 70 வரைதான் தரும். சிறிய அடுப்பில் பெரிய விருந்து சமைப்பது போன்ற வேலை இது. இத்தகைய எஞ்சின்களில், கலவை கூடியதா குறைந்ததா என்று மட்டும் சொல்லும் சென்சார் போதாது. எவ்வளவு கூடியது என்றும் அளந்து சொல்லும் அகன்ற வீச்சுச் சென்சார் பொதுவாக முன்னால் வைக்கப்படுகிறது.

அதற்கு அடுத்து வினையூக்கிப் பெட்டி. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருங்கே ஒழிக்கும் இப்பெட்டி நன்றாகச் சூடேறியபின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மாற்றிவிடும். பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது சென்சார். நல்ல நிலையிலுள்ள பெட்டி ஆக்சிஜனைத் தேக்கிவைத்து வழங்குவதால், முன் சென்சார் துள்ளும்போதும் பின் சென்சார் அமைதியாக இருக்கும். பெட்டி கெட்டுப்போனால் பின்னதும் சேர்ந்து துள்ளும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கம்ப்யூட்டர் 'செக் எஞ்சின்' விளக்கை ஏற்றுகிறது.

சாட்சியின் குறைகள்

சென்சாரைப் புகழ்ந்துகொண்டே போவதும் நேர்மையாகாது. முதலாவது, அது நச்சை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. நச்சைப் பற்றி நாம் ஊகித்துக்கொள்கிறோம். இரண்டாவது, 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது பேசும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களில், வினையூக்கியும் விழிக்காத வேளையில்தான், ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக வெளிவருகின்றன. மூன்றாவது, வேகக் காரை முழு மூச்சில் மிதிக்கும்போது டர்போவும் வினையூக்கியும் வெந்துபோகாமலிருக்கக் கம்ப்யூட்டரே வேண்டுமென்று கூடுதல் பெட்ரோலை ஊற்றிக் குளிர்விப்பதுண்டு. அந்நேரத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறும். சென்சார் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், தடுக்காது.

சாட்சியைக் கலைத்தல்

இதைவிடப் பெரிய கேடு மனிதர் செய்வது. சத்தமும் வேகமும் வேண்டுமென்று வினையூக்கிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறுங் குழாயைப் பொருத்துகிறார்கள். பின் சென்சார் காட்டிக்கொடுக்குமே என்று, அதற்கு அடியில் 'ஸ்பேசர்' என்ற சிறு உலோகத் துண்டைத் திருகிப் புகையோட்டத்திலிருந்து அதைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். புகை அங்கே மெதுவாகப் பரவித்தான் போகும், சென்சார் துள்ளாது, விளக்கும் எரியாது. திண்டுக்கல்லில் பூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூட்டு எவ்வளவு நல்லதானாலும் கதவையே கீலோடு பெயர்த்தவனிடம் அது என்ன செய்யும்?

கூடுதல் திறன் கிடைக்காதா என்று கேட்பீர்கள். டர்போ எஞ்சினில் ஓரளவு கிடைக்கலாம். விலையைக் கணக்கிடுங்கள். தொண்ணூறு சதவீதத்தை ஒழிக்கும் பெட்டியை எடுத்தால், பத்துப் பங்கு வெளிவந்த இடத்தில் நூறு பங்கு வரும். ஒரு கார் பத்துக் காராகிவிடுகிறது! மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் நின்ற இடத்தில் பார்க்கும் சோதனை, ஸ்பேசரை எப்படிக் கண்டுபிடிக்கும்?

தனியாள் செய்ததை ஒரு பெரிய நிறுவனமே செய்த கதையும் உண்டு. 2013இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அரவிந்த் திருவேங்கடம் போன்ற நம்மவர்களும் இருந்த குழு, ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் டிக்கியில் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்தது. ஆய்வுக்கூடத்தில் தேறிய ஜெட்டா கார் சாலையில் வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. ஸ்டியரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி, எவ்வளவு நேரம் ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, 'இது சோதனை' என்று கண்டுகொள்ளும் மென்பொருள் அதில் இருந்ததென 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்ததை நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் சோதித்தபின், அதே ஆண்டு டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்பப் பெற்றுத் திருத்துவதாக நிறுவனம் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாமென்று நிறுத்திவைத்தது.

இங்கே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்தக் கார்களில் சென்சார்களுக்குக் குறைவில்லை. அவற்றின் அளவுகளைக் கொண்டே பொய் சொல்லப்பட்டது. சாலையில் அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

நம் சோதனை எதைப் பார்க்கிறது?

இப்போது நம் புகைச் சோதனைக்கு வருவோம். பி.எஸ்.-4 முதலான பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கும் மேல் வரம்புகள். சற்று வேகமாகச் சுழலவிட்டும் பார்க்க விதி உண்டு. எப்படியாயினும் சக்கரம் சுழலாது. எஞ்சின் எந்தச் சுமையையும் இழுக்காது.

காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைவது ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் விரைவு பெறும். சும்மா ஓடும் எஞ்சினுக்குள் போகும் கலவை கொஞ்சம். அதில் எரிந்த புகையின் மிச்சமும் கலந்திருக்கும். எனவே வெப்பம் அவ்வளவு ஏறாது. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏறும்போதுதான் ஏறும். நைட்ரஜன் ஆக்சைடு பிறக்காத நிலையில் வண்டியை நிறுத்தி, நைட்ரஜன் ஆக்சைடை அளக்கத் தெரியாத கருவியை அதன் குழாயில் நுழைத்து, 'தேறியது' என்று எழுதித் தருகிறோம். படுத்துறங்குபவனின் நாடியைப் பிடித்து, இவன் மலையேறினால் மூச்சு வாங்காது என்று சான்று கொடுப்பதற்கு ஒப்பானது இது.

நைட்ரஜன் ஆக்சைடு நேரே நுரையீரலைத் தாக்கும். போதாக்குறைக்கு, ஹைட்ரோகார்பனோடு சேர்ந்து வெயிலில் ஓசோனாகவும் மாறும். வெயிலுக்கு நம் சமவெளியில் பஞ்சமில்லை. தரைமட்ட ஓசோன் மனிதரின் மூச்சை மட்டுமன்றிப் பயிரின் இலைகளையும் வாட்டும். கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அது வண்டிகளை எண்ணுகிறது. அவை கக்கும் நச்சை எண்ணவில்லை.

என்ன செய்யலாம்?

பழைய சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சென்சார் இல்லாத பழைய வண்டிகளுக்கும், அப்பட்டமாகக் கெட்டுப்போன எஞ்சின்களுக்கும் அது இன்றும் பயன்படும். குறை, அதோடு நின்றுவிடுவதில்தான். 2013 ஏப்ரல் முதல் நம் கார்களில், வினையூக்கி கெட்டதையும் சென்சார் கெட்டதையும் தானே கண்டு பதிந்துவைக்கும் இரண்டாம் நிலைத் தற்சோதனை ஏற்பாடு கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் அந்தப் பதிவுகள் வந்துவிடும். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செய்யும் வேலை இது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1996க்குப் பிந்தைய கார்களை இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

சோதனைக்கு முதல்நாள் பதிவுகளை அழித்துவிட்டு வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. அழித்தவுடன் தற்சோதனைகள் முடியவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். சில நாள் சாதாரணமாக ஓட்டியபின்தான் அவை முடிந்ததாகக் காட்டும். முடியாத வண்டிக்குச் சான்றிதழ் இல்லை என்றால் போதும். ஸ்பேசர் போட்டவனை இதுவும் தப்பவிடலாம். ஆகவே வண்டியின் அடியில் வினையூக்கிப் பெட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும், சந்தேகத்துக்குரிய வண்டியை உருளைகளின்மேல் சுமையோடு ஓடவிட்டு நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதும் சேரவேண்டும். கலிஃபோர்னியாவில் பழைய கார்களுக்கு உருளைச் சோதனை உண்டு.

புதிய மாடல்களைச் சாலையிலேயே ஓட்டி அளக்கவேண்டுமென்ற விதி 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. தயாரிப்பாளரிடம் சாலையின் உண்மையைக் கேட்கும் அரசு, விற்றபின் பதினைந்து ஆண்டு ஓடப்போகும் வண்டியிடம் மட்டும் நின்ற இடத்து உண்மை போதுமென்பது என்ன நியாயம்?

வாசகர்களே, அடுத்த முறை புகைச் சோதனைக்குப் போகும்போது சான்றிதழை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். எஞ்சின் சூடேறிய பின்னர்தானா அளந்தீர்கள், கருவியைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியவுடன் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா என்று நீங்களே பாருங்கள். எரியவே இல்லையென்றால், யாரோ அந்தச் சாட்சியின் வாயைக் கட்டியிருக்கலாம். உடனே வண்டியை நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.